கொடியில் காய்ந்த கையுறைகள்

காலை எட்டே முக்கால் பேருந்தில் விழுப்புரத்தில் ஏறி உட்கார்ந்ததும், நடத்துநர் வந்து என் மடியில் இருக்கும் நீலப் பெட்டியை விரலால் தட்டுவார்.

"இன்னாண்ணே, இன்னிக்காவது ஒரு குச்சி ஐஸ் குடுப்பியா?"

நான் சிரித்துக்கொண்டே திண்டிவனத்துக்குச் சில்லறையை நீட்டுவேன். மூன்று வருடமாக அதே கேள்வி, அதே சிரிப்பு. பெட்டிக்குள் ஐஸ் இருப்பது உண்மைதான். ஆனால் ஐஸுக்கு நடுவே சின்னச் சின்னக் குழாய்களில் இருப்பது ரத்தம். கரும்பு வெட்டுகிறவர்கள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்குகிறவர்கள், செங்கல் சூளையில் நிற்கிறவர்கள் கொடுத்த ரத்தம். அதைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து பின் இருக்கைக்குப் போய்விடுவார். அதனால் சொல்வதில்லை. அதனால் மட்டும்தான் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பொதுவாகவே எனக்கு வாயைத் திறக்க வராது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடத் திரும்பி வந்துவிடுவேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலை ஓரத்து உணவகம் ஒன்றில் பல வருடம் பாத்திரப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமாகக் கழுவுவேன் என்று அங்கே பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் திண்டிவனத்து ஆராய்ச்சி மையத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. மையம் என்றால் ஒரே கட்டடம் இல்லை. விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையும் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியும் சேர்ந்து நடத்துவது அது. ரத்தம் எடுப்பது அங்கே, சோதிப்பது இங்கே. நடுவில் பெட்டியோடு பேருந்தில் போகிறவன் நான். மதியத்துக்கு மேல் ஆய்வகத்தில் கழுவுவது, அடுக்குவது, தேநீர் கொடுப்பது.

என்ன சோதிக்கிறார்கள் என்று முதல் வருடம் முழுக்க எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஒருநாள் ஆய்வு மாணவி தானாகவே சொன்னார். வல்லம் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டார். அதனால் ஐந்து மணிக்கே சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடுவார். அந்த நேரத்தில்தான் அவருக்குப் பேச்சும் திறக்கும்.

"அண்ணா, கல்யாண வீட்ல சமையக்காரர் சாம்பார் வெக்கறாரு, பாயாசம் கிண்டறாரு. ஆனா கரண்டியவே தொடாம ஒருத்தர் நின்னுக்கினு இருப்பாரு பாருங்க. 'எல போட்டாச்சு, சோறு வரட்டும்', 'போதும், அடுப்ப அணைங்க'ன்னு சொல்லிக்கினே இருப்பாரு. அவரு ஒரு பொரியல்கூட செய்யல. ஆனா அவரு இல்லன்னா?"

"பந்தி பேஜாராயிடும் மேடம்" என்றேன்.

"அதான். நம்ம உடம்புல ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. அதுல ஒரு வக சமையக்காரர் மாதிரி. உடம்புக்கு வேணுங்கிற புரதத்த செய்யும். இன்னொரு வக எதையும் செய்யாது. ரொம்ப நாளு அத சும்மா நிக்கிறதுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தாங்க. இப்பதான் தெரியுது, அதுதான் அடுப்ப ஏத்தறதும் அணைக்கறதும். நாம தேடறது அதத்தான்."

வெயிலில் வேலை செய்கிறவர்கள் சிலருக்குச் சர்க்கரையும் இல்லாமல், ரத்த அழுத்தமும் இல்லாமல் சிறுநீரகம் கெட்டுப்போகிறதாம். அது கெடுவதற்கு முன்பே இந்த மேற்பார்வைக்காரரிடம் ஏதாவது தடுமாற்றம் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் மையத்தின் வேலை.

வீட்டுக்கு வந்து இதை என் மனைவியிடம் சொன்னேன். அவளிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும். கேப்பை புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஒண்ணும் செய்யாம நின்னுக்கினு இருக்கறதா? அப்ப நீயும் அந்த வகதான்யா. ஆனா அது உத்தரவாவது போடுது. நீ அதுகூட போடமாட்ட."

விழுப்புரத்தில் ரத்தம் எடுக்கிற சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பல வருடம் இரவுப் பணி பார்த்து, இந்த ஆராய்ச்சிக்கு வந்த பிறகுதான் பகல் வேலை கிடைத்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வீட்டில் இருக்க முடிகிறது என்பதுதான் அவருக்கு இந்த வேலையில் பெரிய சந்தோஷம். வேலையும் அப்படிச் செய்வார். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கைகளில் நரம்பு கிடைப்பது சுலபமில்லை. இவர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, குத்தியதே தெரியாமல் எடுத்துவிடுவார். ஊசி வெளியே வந்த அடுத்த நொடி குழாய் ஐஸுக்குள் இருக்கும். பஞ்சு வைத்து அழுத்தக்கூட நிற்கமாட்டார்.

"பஞ்ச அழுத்தறது உங்க வேல, ஐஸ்ல வெக்கறது என் வேல" என்று நோயாளியிடமே சொல்லிவிடுவார்.

பிறகு பெட்டியை மூடி, நேரத்தையும் குளிரின் அளவையும் சீட்டில் எழுதி என்னிடம் கொடுப்பார். திண்டிவனத்தில் இறக்கும்போது மறுபடி அளந்து எழுதுவார்கள்.

இனி என் வேலை. ரத்தத்திலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும்போது ஒவ்வொரு சொட்டையும் அளந்து உறிஞ்சி எடுக்கிற கருவி ஒன்று உண்டு. அதன் முனையில் மாட்டுகிற பிளாஸ்டிக் மூக்குக்கு டிப்ஸ் என்று பெயர். ஒருமுறை தொட்டால் தூக்கிப் போட வேண்டும். அவை மூட்டையாக வரும். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியின் துளைகளில் நிறுத்த வேண்டும். ஒரு பெட்டிக்குத் தொண்ணூற்றாறு. பிறகு பெரிய குக்கர் போன்ற ஒன்றில் வைத்து ஆவியில் வேகவிட வேண்டும். யாரோடும் பேசாமல் செய்கிற வேலை என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். "அண்ணன் ரொப்பின டிப்ஸ் டப்பாவுல யாரும் கை வெக்காதீங்க, அது கர்ப்பகிரகம்" என்று மாணவி மற்றவர்களிடம் சொல்வார். அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன்.

கையுறையை மையத்து ஸ்டோரில் வாங்க வேண்டும். பழைய ஸ்டோர்க்காரர் என் தலையைப் பார்த்ததும் ஒரு டப்பாவை நகர்த்திவிடுவார். அவர் ஓய்வு பெற்றுப் போனார். புதியவர் நல்ல மனிதர்தான், ஆனால் குரல் பெரியது. நான் இரண்டாவது முறை போய் ஜன்னலில் நின்றபோது பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் இருந்தார்கள்.

"போன வாரந்தான ஒரு டப்பா வாங்கினு போன? கிளவுஸ இன்னா, வறுத்துத் துன்றியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அது தீரப்போகிறதே, திரும்ப அந்த ஜன்னலில் நிற்க வேண்டுமே என்று அன்றைக்கே கையுறைகளை எண்ணிப் பார்த்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு வேறு கேள்வி எழுந்தது.

"ஒரு தடவ போட்டுட்டு தூக்கிப் போடறியா? ரத்தம் பட்டதா?"

ரத்தம் பட்டவை கழிவுக்கான சிவப்புப் பைக்குப் போகும், அவற்றை நான் வெளியே எடுப்பதே இல்லை. இவை வெறும் டிப்ஸ் அடுக்கிய கையுறைகள். பார்வைக்குப் புதியவை மாதிரியே இருக்கும்.

"அப்ப எடுத்துனு வாய்யா. தோய்ச்சித் தர்றேன்."

தோய்த்தாள். எப்படித் தோய்த்தாள் என்று சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. சோப்புத் தூள் கரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, மூன்று தண்ணீர் அலசி, கொடியில் கிளிப் போட்டு வரிசையாக மாட்டினாள். காற்றில் அவை ஐந்து விரலையும் ஆட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, மாட்டு மடிய அறுத்துக் காயப் போட்டிருக்கிற?" என்று கேட்டார். காய்ந்ததும் பவுடர் தட்டி, சுருக்கம் நீக்கி, பழைய டப்பாவிலேயே அடுக்கிக் கொடுத்தாள். புதியதைவிட வாசனையாக இருந்தன. ஸ்டோர் ஜன்னல் பக்கம் நான் ஒரு மாதம் போகவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான மாதம் குறைவு.

அந்த மாதத்தில்தான் ஆய்வகத்தில் படம் கெட ஆரம்பித்தது.

பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ. நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு படம் எடுப்பார்கள். நன்றாக இருந்தால் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கோடு தெரியும். பள்ளிக்கூட நோட்டில் தலைப்புக்கு அடியில் போடுகிற இரட்டைக் கோடு மாதிரி. எனக்கே பார்த்தால் தெரியும். இப்போது வந்த படங்களில் கோடு இல்லை. சிலேட்டில் எழுதியதை எச்சில் தொட்டு அழித்தது மாதிரி ஒரு நீண்ட தேய்ப்பு. ஒருநாள் நன்றாக வரும். அடுத்த மூன்று நாள் தேய்ப்பு. மாணவி மருந்தை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், வேறு இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். ஐந்து மணிக்கு டப்பாவைத் திறந்து, சாப்பிடாமல் மூடி வைத்தார்.

மையத்தின் இயக்குநர் ஐயா பெட்டியோடு வந்த சீட்டுகளை எல்லாம் பரப்பி வைத்துப் பார்த்தார். பெட்டி மூடியதிலிருந்து திறக்கும் வரை குளிர் சரியாக இருந்தது. அதனால் என் மேல் சந்தேகம் வரவில்லை. பெட்டி மூடுவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதற்குத்தான் சீட்டு இல்லை. அங்கே சிஸ்டரின் வார்த்தை மட்டும்தான்.

"விழுப்புரத்துல குழாய வெளிய வெச்சிட்டு ஊர்க்கத பேசறாங்க போலருக்கு. ஆள மாத்திடலாம். திங்கட்கிழம விழுப்புரத்துக்காரங்களும் வர்றாங்க, பேசி முடிச்சிடுவோம்" என்று அவர் போனில் சொன்னது, தேநீர் கொண்டுபோன என் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியைக் கொடுக்கும்போது சிஸ்டருக்கும் அது தெரிந்திருந்தது.

"அண்ணே, திங்கக்கெழமையோட என்ன தூக்கறாங்களாம். திரும்ப நைட் டூட்டி. அதுகூடப் பரவால்ல. அஜாக்கிரதைக்காரின்னு பேரு எழுதி அனுப்பறாங்க பாரு, அதான் தாங்கல." கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் எப்போதும் போல வேகமாக வந்தது. "நீ தெனமும் பாத்துக்கினுதான நிக்கிற? நான் ஒரு நிமிஷம் வெளிய வெச்சிருக்கனா?"

"இல்லீங்க சிஸ்டர்."

"அத மீட்டிங்ல சொல்லு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர் அவரே சிரித்துவிட்டார். "நீ சொல்றதாவது! டீ வேணுமான்னு கேட்டாலே தலைய மட்டும் ஆட்டற ஆளு. சரி போ, பஸ்ஸு போயிடப் போவுது."

அன்று மதியம் டிப்ஸ் அடுக்கும்போது முழங்கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தேன். மாணவி பார்த்துவிட்டார்.

"அண்ணா, வேர்வ ஜாக்கிரத. ஆர்.என்.ஏ.வுக்கு எமனே அதுதான். நம்ம கையிலயும் வேர்வையிலயும் அத அறுத்துத் தின்ற ஒண்ணு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. சோப்பு போட்டாலும் போவாது, வேக வெச்சாலும் திரும்ப எழுந்து உக்காந்துக்கும். அதுக்குத்தான் நாம கிளவுஸே போடறது."

கையுறை நம் கையைக் காப்பாற்றத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் கையிலிருந்து அதைக் காப்பாற்ற என்று அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் நான் வேர்வையைத் துடைத்தது முழங்கையால், கையுறையில் படவில்லை. அதனால் அத்தோடு விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். மனைவி கையுறை அலசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் எடுத்து, வாயில் வைத்து பலூன் மாதிரி ஊதி, உள்பக்கத்தை வெளியே தள்ளிக் கொடியில் மாட்டினாள். ஒரு மாதமாக நடப்பதுதான். அன்றுதான் உற்றுப் பார்த்தேன்.

"எதுக்கு அத திருப்பற?"

"உள்ள எல்லாம் உன் வேர்வ நாத்தம்யா. உள்பக்கம் வெளிய இருந்தாத்தான வெயில் படும்?"

"காஞ்சப்புறம் திரும்பவும் மாத்திடுவியா?"

"எதுக்கு? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான இருக்கு. எந்தக் கையிலயும் நொழையுது."

மல்லாட்டை என் கையிலிருந்து கீழே விழுந்தது. என் கை வேர்வை பட்ட பக்கத்தை வெளியே வைத்துக்கொண்டு, ஒரு மாதமாக நான் தொண்ணூற்றாறு தொண்ணூற்றாறாக டிப்ஸ் அடுக்கியிருக்கிறேன். போதாததற்கு அவள் வாயால் ஊதியும் கொடுத்திருக்கிறாள். இடையில் சில நாள் படம் நன்றாக வந்ததே, அது ஸ்டோரில் கடைசியாக வாங்கிய டப்பாவில் மிச்சமிருந்த புதிய கையுறைகளால் அடுக்கிய டிப்ஸாக இருக்கும். சிஸ்டரை அனுப்பப் போவது என் வீட்டுக் கொடி.

அவளிடம் சொன்னேன். கையிலிருந்த கையுறையை வாளியில் போட்டாள். முகம் சுருங்கிவிட்டது.

"நல்லாத்தானய்யா தோய்ச்சேன்."

"நீ நல்லாத்தான் தோய்ச்ச. ஸ்டோர்ல போய் நிக்க வெக்கப்பட்டது நான்."

"அந்தம்மாவுக்கு ஜல்தி போன் போடு."

போட்டேன். சிஸ்டர் எடுத்ததும், "அண்ணே, நீ கவலப்படாத. நான் மனச தேத்திக்கினேன். என் மவளே சொல்லிட்டா, நீ நைட்டு போ, நான் தோச ஊத்திக்கறேன்னு. கடைக்கு வந்திருக்கேன், வெக்கட்டுமா?" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டார். நான் சொன்னது "சிஸ்டர்" என்ற ஒரு வார்த்தைதான். மாணவிக்குப் போட்டேன். ஊருக்குப் போயிருந்தார், எடுக்கவில்லை.

"நாளைக்கு நானும் வர்றேன். நான் பேசறேன், நீ பக்கத்துல நில்லு" என்றாள் மனைவி.

வேண்டாம் என்றேன். அதைவிட அவமானம் இருக்காது.

"அப்ப நீயே பேசு. பேசாம திரும்பி வந்தேன்னு வையி, மறுநாளு அந்த வாசல்ல நின்னு நான் கத்தற கத்துல திண்டிவனமே திரும்பிப் பாக்கும்."

அவள் செய்யக்கூடியவள். கொடியில் இருந்தவற்றை அப்படியே கழற்றி மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பேருந்தில் நான்கு வரிகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டும்போது மூன்று நினைவிருந்தது. திண்டிவனத்தில் இறங்கும்போது ஒன்று.

கூட்ட அறையில் இயக்குநர் ஐயா, விழுப்புரத்துப் பெரிய டாக்டர், இன்னும் நாலைந்து பேர், மேசையின் கடைசியில் சிஸ்டர். மாணவியும் காலையில்தான் ஊரிலிருந்து நேராக வந்திருந்தார். நான் தேநீர்த் தட்டோடு உள்ளே போனேன். மஞ்சள் பை இடது தோளில். ஒவ்வொருவருக்கும் வைத்துக்கொண்டே வந்தேன். சிஸ்டருக்கு வைக்கும்போது அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விழுப்புரம் பக்கம் ரத்தம் எடுக்கற விஷயத்துல ஒரு முடிவுக்கு வந்துடலாம்" என்று இயக்குநர் ஐயா ஆரம்பித்தார்.

"ஐயா" என்றேன். மின்விசிறி சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"சிஸ்டர் மேல தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்ல. ஆனா…"

"ஐயா."

சர்க்கரை வேண்டுமா என்று கேட்கிறேன் என நினைத்து, அவர் பார்க்காமலே வேண்டாம் என்று கை காட்டினார். மனப்பாடம் செய்ததில் மிச்சமிருந்த ஒரு வரியும் போய்விட்டது. நான் தோளிலிருந்த பையை எடுத்து மேசை நடுவில் கவிழ்த்தேன். பவுடர் வாசனையோடு நாற்பது ஐம்பது கையுறைகள் கொட்டின. ஒன்று விழுப்புரத்துப் பெரிய டாக்டரின் தேநீர்க் கோப்பை மேல் விரல்களை விரித்தபடி படுத்துக்கொண்டது.

"சிஸ்டர் மேல தப்பில்லீங்க. டிப்ஸ் அடுக்கற கிளவுஸ் இதான். நான் வீட்டுக்கு எடுத்துனு போயி தோய்ச்சிக் கொண்டாந்தேன். காய வெக்கறப்ப உள்பக்கம் வெளிய வந்துடுச்சிங்க. வேர்வப் பக்கம்."

அவ்வளவு நீளமாக நான் பேசி அந்தக் கட்டடம் கேட்டதில்லை. மாணவிதான் முதலில் ஒரு கையுறையை நுனியில் பிடித்துத் தூக்கினார்.

"அண்ணா… எத்தன நாளா?"

"ஒரு மாசமா மேடம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இயக்குநர் ஐயா என்னைப் பார்த்தார்.

"எதுக்குப்பா தோய்ச்ச? ஸ்டோர்ல கேட்டா குடுக்கப் போறாங்க."

இந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

"கேக்க வெக்கமா இருந்துச்சிங்க ஐயா. வறுத்துத் துன்றியான்னு கேக்கறாரு."

முதலில் சிரித்தது சிஸ்டர். அழுதுகொண்டிருந்தவர் சிரித்ததால் ஒருமாதிரி சத்தம் வந்தது. பிறகு எல்லோரும். இயக்குநர் ஐயா கடைசியாகச் சிரித்தார். "நானே ரெண்டு மாசமா அவர்கிட்ட ஒரு நல்ல பேனா கேட்டுக்கினு இருக்கேன். இன்னும் தரல" என்றார்.

மாணவி மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணன் சொன்னாப் போதாது சார். பாத்துடணும். ஒரே ரத்தம், ரெண்டு டிப்ஸ் டப்பா. ஒண்ணு அண்ணன் ரொப்பினது. இன்னொண்ணு நான் இப்ப புது கிளவுஸ் போட்டு ரொப்பறேன். மத்ததெல்லாம் ஒண்ணே."

"யாரு ரத்தம்?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சிஸ்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, என் சட்டைக் கையை மடித்துவிட்டார். "மூணு நாளா எனக்கு வலிச்சிச்சி. உனக்கு ஒரு நொடி வலிக்கட்டும்" என்றார். உண்மையில் வலிக்கவே இல்லை. ஊசி வெளியே வந்ததும் எல்லோர் கண்ணெதிரிலும் குழாயை ஐஸில் செருகினார். பஞ்சை நான்தான் தேடி எடுத்து அழுத்திக்கொண்டேன். பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வேலை முடிய மாலை ஆகிவிட்டது. விழுப்புரத்துக்காரர்கள் யாரும் போகவில்லை. மாணவியின் சாப்பாட்டு டப்பா மேசை மேல் இருந்தது. பொழுது இறங்குகிறதே, இவர் இன்றைக்கும் பட்டினியா என்று எனக்குக் கவலை. ஐந்தரைக்குப் படம் வந்தது. இடது பக்கம் சிலேட்டை அழித்த தேய்ப்பு. வலது பக்கம், அழுத்திப் போட்ட இரட்டைக் கோடு. இரண்டும் என் ரத்தம்தான்.

"வெளிச்சம் இருக்கு, சாப்பிடுங்க மேடம்" என்றேன். யாரும் கேட்காமல் தன்னிடம் நானாகச் சொன்ன முதல் வார்த்தை அது என்று பிறகு மாணவி சொன்னார். டப்பாவைத் திறந்து, நின்றபடியே சாப்பிட்டார்.

இயக்குநர் ஐயா சிஸ்டரிடம் நேராக வந்து, "நான் அவசரப்பட்டுட்டேம்மா, மன்னிக்கணும்" என்றார். சிஸ்டர் "பரவால்ல சார்" என்று சொல்லவில்லை. "சரிங்க சார்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறுநாள் ஆய்வகக் கதவுக்குப் பக்கத்தில் அலமாரி போட்டு, அதில் கையுறை டப்பாக்களை அடுக்கிவிட்டார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டாம், தீர்ந்தால் ஸ்டோர்க்காரரே வந்து நிரப்ப வேண்டும். அவர் வந்து நிரப்பும்போது என்னைப் பார்த்து, "இன்னாப்பா, பொரியலுக்குப் பத்துமா?" என்று கேட்டார். குரல் பெரியதுதான். ஆனால் வரிசை இல்லாத இடத்தில் அது அவ்வளவு பெரியதாகத் தெரியவில்லை.

வீட்டில் மிச்சமிருந்த கையுறைகளை மனைவி மிளகாய் கிள்ளப் பயன்படுத்துகிறாள். பக்கத்து வீட்டு அம்மாவும் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனார்.

கெட்டுப்போன ஒரு மாதத்து ரத்தம் திரும்பி வராது. அந்த ஆட்களிடமே மறுபடி போய் எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிஸ்டரும் நானும் ஊர் ஊராகப் போனோம். நான் நாற்காலியும் பெட்டியும் தூக்கிக்கொண்டு பின்னால். முதல் ஊரிலேயே கரும்பு வெட்டுகிற பெரியவர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"போன மாசந்தான எடுத்தீங்க? எங்க ரத்தத்த இன்னா பண்றீங்க, விக்கறீங்களா?"

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க ரத்தம் நல்லாத்தான் இருந்துச்சி பெரியவரே. கோளாறு எங்கன்னு இந்த அண்ணனக் கேளுங்க."

பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். தப்பிக்க வழி இல்லை. சொன்னேன். ஸ்டோர் ஜன்னல், சோப்புத் தூள், கொடி, மாட்டு மடி, வாயில் வைத்து ஊதியது எல்லாம் சொன்னேன். எங்கே நிறுத்தினால் சிரிக்கிறார்கள் என்று மூன்றாவது ஊரில் எனக்கே பிடிபட்டுவிட்டது. ஆனால் முதல் ஊரில் வேர்த்துக் கொட்டியது.

பெரியவர் கடைசி வரை சிரிக்காமல் கேட்டார்.

"உன் சம்சாரம் ஒழுங்காத்தான் தோய்ச்சிருக்குது" என்றார். "நீ அந்த ஸ்டோர்க்காரன ஒரு வார்த்த திருப்பிக் கேட்டிருந்தா என் கையில இன்னொரு ஓட்ட விழுந்திருக்காது."

"ஆமாங்க" என்றேன்.

அவர் கட்டியிருந்த கையைப் பிரித்து நீட்டினார். சிஸ்டர் இரண்டு தட்டுத் தட்டினார். பேச்சு முடிவதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருந்தது. குழாய் ஐஸுக்குள் இறங்கிய பிறகுதான் பெரியவர் பஞ்சு எங்கே என்று தேடினார். நான் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஊசி எடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதினேன்.